ஜெயித்த சனிக்கிழமைகளின் சண்டை

கொலுப்படியை எடுத்துக் கொடுங்கள் என்று கௌரி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மாலைதான் எனக்கு உடம்பு வளைந்தது. காப்பெலில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கராஜுக்குள்ளும் கார் நிற்பதில்லை. கார்கள் டெக்சாஸ் வெயிலில் வெளியே வறுபடும். உள்ளே அரிசி மூட்டையும், யாரும் ஏறாத டிரெட்மில்லும் சொகுசாக இருக்கும். படிகளை இழுத்தபோது பின்னால் சாய்ந்திருந்த ஏதோ ஒன்று பழைய போர்வையோடு என் கால்மேல் விழுந்தது. "அம்மா" என்று கத்திவிட்டுப் போர்வையை விலக்கினால், கேரம் போர்டு. போரிக் பவுடர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கொலுவும் மறந்தது, கால்வலியும் மறந்தது.

அந்த போர்டில் நாங்கள் ஒருநாள்கூட கேரம் ஆடியதில்லை. அது எங்கள் ஃபுட்பால் மைதானம்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். டெக்சாஸில் அதைச் சொன்னால் பாதிப் பேர் கட்டிப்பிடிப்பார்கள், மீதிப் பேர் முறைப்பார்கள், எனக்கு எதற்கு வம்பு. எம்.எஸ். படிக்க வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை ஊர் மொத்தமும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, என்ன கட்சி மாநாடு என்று கேட்டவன் நான். கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற பந்துக்கு ஃபுட்பால் என்று பேர் வைத்தவனை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வருடமே தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தேன். பைத்தியம் அப்படித்தான் பிடிக்கும் போலிருக்கிறது. நமக்கே தெரியாது, கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

என்கூடவே பிடித்தவன் செல்வின். நாகர்கோவில்காரன், என் வகுப்பு. குகனேசன் டாக்டர் எங்களைவிடப் பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர், அதே ஊர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்தவர். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை என்று மூன்று பேரும் காப்பெலில் வந்து கரையொதுங்கினோம். சீசன் வந்தால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு டிவியில் ஆட்டம். முடிந்ததும் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலி போட்டு, நடுவில் ஒரு ஸ்டூல்மேல் கேரம் போர்டு.

ஒரு விஷயம் கவனியுங்கள். தோற்றால் கராஜ் கிடையாது. தோற்ற அன்று யாரும் வாய் திறக்க மாட்டோம், தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். ஜெயித்தால்தான் சண்டை. அதுவும் என்ன சண்டை? நாங்கள் ஏன் இன்னும் நன்றாக ஜெயிக்கவில்லை என்று. முக்கால்வாசி நாள் அது பாஸ் டிஃபென்ஸில்தான் வந்து நிற்கும். அதாவது, எதிரணிக்காரன் பந்தைத் தூரமாக வீசுவான், அவன் ஆள் ஒருவன் ஓடிப்போய்ப் பிடிப்பான். அதைப் பிடிக்கவிடாமல் தடுப்பது. எங்கள் அணிக்கு அது மட்டும் கைவராது. பெரிய வித்தியாசத்தில் முன்னால் இருப்போம், கடைசியில் வரிசையாக நாலு பாஸ் விட்டுக்கொடுத்து, எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுத்தான் ஜெயிப்பார்கள்.

கறுப்புக் காய் நாங்கள், வெள்ளைக் காய் எதிரணி, சிவப்புதான் பந்து. ஸ்ட்ரைக்கர் நடுவர். கேரமில் பக்கத்துக்கு ஒன்பது காய். ஃபுட்பாலிலோ பதினோரு பேர். குறைகிற ஆட்களுக்கு, செல்வினின் மனைவி ஜெசி சுட்டுக்கொண்டு வரும் முறுக்கை ஒடித்து வைப்போம். அதில் ஒரு சங்கடம். வாதம் சூடாகும்போது கை தானாக முறுக்குக்குப் போகும். எங்கள் அணியில் எத்தனையோ நல்ல வீரர்களை நாங்களே தின்றிருக்கிறோம்.

சண்டையின் சாரம் ஒன்றுதான். எல்லா ஆளையும் முன்னால் நெருக்கிப் போட்டு, எதிரி பந்தை வீசுவதற்குள் அவனை அமுக்க வேண்டும் என்பது செல்வின் கட்சி. பின்னால் கடைசியாக ஒரு ஆள் எப்போதும் காவலுக்கு நிற்க வேண்டும் என்பது டாக்டர் கட்சி. இரண்டு பேரும் கிரிக்கெட் ரத்தம், வேறெப்படிப் பேசுவார்கள்?

"ஐசே, எல்லைக்கோட்டில ஒரு ஆளை நிப்பாட்டும். ஒண்டு ரெண்டு ஓட்டம் போனாப் போகட்டும், நாலு குடுக்கப்படாது" என்பார் டாக்டர், ஒரு முறுக்குத் துண்டைக் கடைசிக் கோட்டில் வைத்து.

"டாக்டரே, பயந்து பின்னால போனா அவன் நம்ம தலையில ஏறுவான். ஜெயிச்சிட்டு இருக்கும்போது எதுக்கு வோய் பின்னால ஒரு ஆளு? அமுக்கணும்! கழுத்தப் புடிக்கணும்!" செல்வின் எழுந்து நின்றுவிடுவான். அவனுக்கு உட்கார்ந்து பேச வராது.

"இது விசர்க்கதை. எல்லாரும் முன்னுக்கு ஓடினால் பின்னுக்கு ஆர் நிக்கிறது?"

"நீங்க நிக்க வச்ச ஆளு எங்க? நீங்களே தின்னுட்டீங்க!"

பார்த்தால் உண்மைதான். காவலுக்கு நின்ற முறுக்கு டாக்டர் வாயில் இருக்கும். கௌரியும் ஜெசியும் வாசலில் நின்று சிரிப்பார்கள். நான்? நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டுவேன். எனக்குச் சண்டை தீராமல் இருந்தால் போதும். இந்த நாட்டில் தமிழில் முழுத் தொண்டையில் கத்துவதற்கு வேறு எந்த இடம் இருந்தது, சொல்லுங்கள். ஆபீஸில் வாரம் முழுக்க மெதுவாக, பணிவாக, பல்லைக் காட்டிப் பேசிப் பேசி அலுத்தவர்கள் நாங்கள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் சட்டை நிறத்தைப் பார்த்து, "கிரேட் வின், கைஸ்! கங்கிராட்ஸ்!" என்று கை ஆட்டுவார். நல்ல மனுஷன். செல்வினும் பதிலுக்குச் சிரித்துக் கையாட்டுவான், அவர் திரும்பியதும் பல்லைக் கடிப்பான்.

"கங்கிராட்ஸாம் மக்கா. நாலு பாஸ் விட்டிருக்கான், இவரு கங்கிராட்ஸ் சொல்லுதாரு. வேத்தாளுதான் டே கங்கிராட்ஸ் சொல்லுவான். வீட்டாளுக்கு வயிறுல்லா எரியும்."

இப்படி வயிறெரிந்து எரிந்தே எங்கள் குழந்தைகள் வளர்ந்தார்கள்.

அந்த நாட்களில் டாக்டர் கடைசிக் காவலைப் பற்றிப் பேசும்போது போர்டை மட்டும் பேசவில்லை என்று எனக்குப் புரிய நாளானது. அவர் அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்டார். எனக்கும், எப்படியோ ஒரு அதிர்ஷ்டத்தில், கிரீன் கார்டு வந்துவிட்டது. செல்வின் மட்டும் வரிசையில் நின்றுகொண்டே இருந்தான். அந்த வரிசை உங்களுக்குத் தெரியாதா, நகர்கிற மாதிரி இருக்கும், நகராது. "கனடாவுக்கும் ஒண்டு அப்ளை பண்ணி வையும் ஐசே. பின்னுக்கு ஒரு ஆள் நிக்கட்டும்" என்று டாக்டர் சொல்வார். "நல்ல வேலையில இருக்கேன், பிள்ளைங்க நல்லா படிக்குது, எதுக்கு டாக்டரே பின்னால பாக்கணும்" என்று செல்வின் சிரிப்பான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யார்தான் பின்னால் பார்க்கிறார்கள்?

ஒரு கோடையில் அவன் கம்பெனியில் லே-ஆஃப். வேலை போனால் விசாவும் கூடவே கிளம்பிவிடும். எங்கெங்கோ முட்டிப் பார்த்தான், இன்டர்வியூமேல் இன்டர்வியூ, ஒன்றும் வாய்க்கவில்லை. ஊருக்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. வீட்டை விற்றார்கள், காரை விற்றார்கள். அவன் மகள் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, "ஐ டோன்ட் ஈவன் நோ எனிபடி தேர், அங்கிள்" என்றாள். அவள் தலையில் கை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமையும் ஆட்டம் இருந்தது. இன்று தோற்றுத் தொலைத்தால் கராஜ் இல்லாமல் போய்விடுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அணிக்காக அல்ல, அந்தச் சண்டைக்காகத்தான் அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். ஜெயித்தார்கள். வழக்கம்போல் கடைசியில் பாஸ் பாஸாக விட்டுக்கொடுத்துத்தான்.

மத்தியான வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கதவைத் தூக்கினேன், நாற்காலி போட்டேன், காய்களை அடுக்கினோம். ஜெசி அன்றும் முறுக்கு கொண்டுவந்திருந்தாள். வீட்டில் பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போன பிறகு எங்கே சுட்டாளோ தெரியாது. நான் செல்வினைப் பார்த்தேன், ஆரம்பிடா என்பதுபோல. அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு முறுக்குத் துண்டை ஒடித்தான். போர்டின் கடைசிக் கோட்டில் தானே அதை வைத்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி டாக்டரே. பின்னால ஒரு ஆளு நின்னிருக்கணும்."

எத்தனை வருடச் சண்டை! ஒருவன் ஒத்துக்கொண்டால் சண்டை முடிந்துவிடும், சண்டை முடிந்தால் எழுந்து போக வேண்டியதுதான். வாசலில் ஜெசி வாடகைக் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த மனுஷன், வாழ்க்கையில் எச்சரிக்கையைத் தவிர எதுவும் பேசாத மனுஷன், போர்டைக் கையால் தட்டினார்.

"பிழை! முழுப் பிழை! ஆரையா பின்னுக்கு நிக்கிறது? எல்லாரும் முன்னுக்குப் போகவேணும். கழுத்தைப் பிடிக்கவேணும்!"

செல்வின் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "என்ன வோய் பேசுதீங்க? நாலு பாஸ் விட்டிருக்கான், முன்னால போகணுமா?" என்று எழுந்து நின்றான். அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள். செல்வின் டாக்டர் கட்சி, டாக்டர் செல்வின் கட்சி. அவன் வரிகளை இவர் கத்துகிறார், இவர் வரிகளை அவன் கத்துகிறான். கண்ணில் நீர் வழிய வழிய இரண்டு பேரும் பாஸ் டிஃபென்ஸுக்காகச் சண்டை போட்டார்கள். தெருவிளக்கு எரியும்வரை ஜெசி ஒருமுறைகூடக் கிளம்பலாமா என்று கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு பார்த்தேன், கடைசிக் கோட்டில் அந்த முறுக்குத் துண்டு அப்படியே இருந்தது. அன்றைக்கு யாரும் அதைத் தின்னவில்லை. போர்டைத் துடைத்து, போர்வையைச் சுற்றிச் சாய்த்து வைத்தேன். டாக்டரும் அடுத்த வருடம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார். வாட்ஸப்பில் எங்கள் குழு இன்னும் இருக்கிறது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு பூங்கொத்துப் படம் வரும். கராஜ் கதவு இப்போதெல்லாம் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளத்தான் திறக்கிறது.

நேற்றும் எங்கள் அணி ஜெயித்திருந்தது. என் மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள், ஸ்டேடியத்திலிருந்தே "வீ வன், அப்பா!" என்று செய்தி அனுப்பினாள். பாஸ் டிஃபென்ஸ் கேவலமாக இருந்ததே என்று பதில் போட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அத்தோடு சரி.

கேரம் போர்டை மடியில் வைத்துக்கொண்டு கராஜிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு, திடீரென்று அந்த ஆசை வந்துவிட்டது. நாகர்கோவிலில் ஞாயிறு விடிந்திருக்கும். செல்வினுக்குப் போன் போட்டேன். ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டான், சரி. நான் சொன்னால் போதும், எரிந்து விழுவான், எழுந்து நிற்பான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது: நாலு பாஸ் விட்டான்டா, பாவி.

"மக்கா! சுகமா டே?" என்றான். பின்னால் மாதா கோயில் மணிச் சத்தம், ஜெசி யாரையோ சீக்கிரம் வரச் சொல்லும் குரல். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சுட்டோம்டா" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"அப்படியா? ஏ, சூப்பர்! கிரேட் வின், மக்கா. கங்கிராட்ஸ்."

அன்பாகத்தான் சொன்னான். குரலில் அவ்வளவு சந்தோஷம். நாலு பாஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"தேங்க்ஸ்டா" என்றேன். செல்வினுக்கு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.