இரும்பு நுழையாத காடு

யுத்தகாலத்தில் ரயிலுக்கு விறகு தேவைப்பட்டது. வெட்டத்தக்க மரங்களில் முத்திரைச் சுத்தியலால் அடையாளம் குத்துவது என் வேலை. மல்லசமுத்திரத்துக்கு அருகே ஒரு கோயில்காட்டின் எல்லையில் அதன் காவல்காரர் எனக்காகக் காத்திருந்தார். மெலிந்த உடல், நரைத்த மீசை, முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி. என்னைக் கண்டதும் இடுப்பிலிருந்த கத்தியையும் வீட்டுச் சாவியையும் எடுத்து எல்லைக்கல்மேல் வைத்தார்.

“உங்க சுத்தியலையும் இங்க வெச்சுப்போட்டு வாங்க சாமி. இரும்பு உள்ள போறதில்லீங்க.”

“சர்க்கார் உத்தரவு இருக்கிறது” என்றேன்.

“அது காயிதந்தானுங்களே, தாராளமாக் கொண்டாங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு சுத்தியலை வைத்தேன். உள்ளே, முகத்தில் இடித்த கிளையைக்கூட ஒடிக்காமல் அவர் குனிந்து நடந்தார். மரங்களுக்கு நடுவே ஓர் ஊற்றைக் காட்டினார்.

“நாலு ஊருக் கெணத்துல தண்ணி நிக்குதுன்னா இதனாலதானுங்க. இங்க ஒரு குச்சியும் எங்க ஊட்டு அடுப்புக்குப் போனதில்லீங்க.”

வெளியே வந்ததும் சுத்தியலைத் துடைத்து இரு கைகளாலும் நீட்டினார்.

‘வெட்டத்தக்க மரம் இல்லை’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். என் உத்தியோகத்தில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். வெட்டாதீர்கள் என்று அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது, மறுநாள் நாட்குறிப்பு எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.