கூப்பிடாமல் தேடியது

அத்தான் நலமாக இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில், தன் வீட்டுப் பின்வளவில் நின்று, பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்கு மேலால் பிரெஞ்சில் வாதாடிக்கொண்டிருந்தார். பத்திரிகை மேசையில் வேலை பார்த்த பழக்கம் காரணமாக, எதை எழுதினாலும் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுவேன். கடந்த மே மாதம், சீனாவில் ஒரு மூங்கில் காட்டில், ஒரு காலைப்பொழுதில் அவரைக் காணாமல் தேடினோம். தேடிய விதம்தான் எழுத வேண்டியது.

அத்தான் என் அக்காவின் கணவர். மொன்றியல் டவுன்டவுனில் உணவகச் சமையலறைகளில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அடுப்புக்கு மேலே சுழலும் விசிறியின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய குரல் அவருடையது. அவர்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, நிலவறையில் அவர் யாரோடு தொலைபேசியில் கதைக்கிறார், என்ன விஷயம் என்று தெரிந்துவிடும். சீனி வருத்தம் கூடி இன்சுலின் ஊசிக்கு வந்த பிறகு, நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தனியாக நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பறவை பார்க்கப் போவதைத் தெரிந்துகொண்டு கூடவே வந்தார்.

எங்களோடு மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. சென்னைக்காரர், வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் அவரை சார் என்றே கூப்பிடுவோம். பறவை பார்ப்பதில் எங்களுக்கு அவர்தான் தலைவர். காட்டுக்குள் கால் வைத்ததும் பேச்சு நிற்க வேண்டும். கைபேசிகள் காரிலேயே இருக்க வேண்டும். பறவையைக் கண்டால் விரலால் திசை காட்ட வேண்டும். சத்தம் போட்டவர் திரும்பி வரும்போது கார் ஓட்ட வேண்டும். அத்தான் வந்த முதல் குளிர்காலம் முழுக்க, உறைபனி வீதியில் அவரே ஓட்டினார். இரண்டாவது குளிர்காலத்தில் சாரும் நானும் மாறிமாறி ஓட்டத் தொடங்கினோம். அத்தான் அவ்வளவு மாறியிருந்தார். பனிமூடிய மரத்தில் ஆந்தையைக் கண்டால், பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மூக்கால் மெதுவாக விடுவார். இந்தச் சட்டத்தை வீட்டிலும் போட ஏலாதோ என்று அக்கா என்னைக் கேட்டாள்.

சீனப் பயணம் சாரின் யோசனை. ஜியாங்சி மாகாணத்தில், ஒரே ஒரு வட்டாரத்தின் சில கிராமங்களில் மட்டும் கூடு கட்டும் சிரிப்பான் என்ற பறவை இனம் ஒன்று இருக்கிறது. அதே மலைகளில் சில்வர் ஃபெசன்ட் என்ற வெள்ளிக் காட்டுக்கோழியும் இருக்கிறது. சாருக்கு அந்தக் கோழி மேல் பல வருட ஆசை. அத்தான் உடனே சம்மதித்தார். அக்கா சம்மதிக்கவில்லை. முந்தைய குளிர்காலத்தில், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பி, மெட்ரோவில் சீனி இறங்கி விழுந்தவர் அவர். குடித்திருக்கிறார் என்று நினைத்து ஆட்கள் விலகிப் போயிருக்கிறார்கள். கடைசியில் அக்கா விட்டுக்கொடுத்தாள். புறப்படுவதற்கு முதல்நாள், குளிர்ப்பைக்குள் இன்சுலினை அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ஊசி போட்டா உடனை சாப்பிட வேணும். அதை நீ நிண்டு பாக்க வேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

ஓம் என்றேன்.

அந்த வட்டாரத்தை வயல்கள்தான் முதலில் அறிமுகம் செய்தன. கடுகுச் செடி போன்ற எண்ணெய்ப் பயிரை அறுத்து முடித்து, தாளை வரப்பில் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பாத்திகளில் நெல் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நின்ற இடமெல்லாம் மடையான் கொக்குகள். நம்மூர் மடையானைப் போலவே குறுகி நின்றாலும், இவற்றுக்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பு. வெள்ளைச் சுவரும் கறுத்த ஓடுமாக வீடுகள். ஒவ்வொரு கிராமத்துக்கும் பின்னால் வெட்டப்படாத ஒரு காட்டுத் துண்டு. அதை வெட்டினால் ஊருக்குக் கேடு வரும் என்ற நம்பிக்கையில் பரம்பரையாக விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே தேயிலைப் படிகள், தேயிலைக்கு மேலே மூங்கில், மூங்கிலுக்கு மேலே அடர்காடு. எங்கள் வழிகாட்டி நாற்பது வயதுப் பெண். வண்டி ஓட்டியதும் அவரே. ஆங்கிலம் கொஞ்சம் பேசுவார். மீதியைக் கைபேசியில் சொல்லி மொழிபெயர்த்துக் காட்டுவார்.

மூன்றாம் நாள் விடிகாலை, காட்டுக்கோழிக்காகப் புறப்பட்டோம். விடுதியில் கஞ்சி வருவதாகச் சொன்னார்கள். அதை நம்பி அத்தான் ஊசியைப் போட்டுக்கொண்டார். கஞ்சி பிந்தி வந்தது, கொதிக்கக் கொதிக்க. வெளிச்சம் வந்தால் கோழி உள்ளே போய்விடும் என்று சார் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். அத்தான் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, ஆவியில் வேகவைத்த ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டார். வண்டிக்குள் சாப்பிடுவதாகச் சொன்னார். அவர் கையில் பன் இருந்ததை நான் பார்த்தேன். வாய்க்குள் போனதைப் பார்க்கவில்லை. முன் ஆசனத்தில் இருந்தேன்.

தேயிலைப் படிகள் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கைபேசிகளை விட்டுவிட்டு ஏறினோம். மூங்கிலுக்குள் பாதை வளையும் ஓரிடத்தில், கோழிகள் சருகைக் கிளறிய தடம் இருந்தது. சார் எங்களை இடைவெளி விட்டு நிறுத்தினார். முன்னால் அவர், அடுத்து வழிகாட்டி, அடுத்து நான், கடைசியில் அத்தான். நான் தடத்தைப் பார்த்தபடி நின்றேன். காலுக்கு அடியில் மூங்கில் இலைகள் காகிதம் போல நொறுங்கின. எங்கோ தண்ணீர் ஓடியது. வெகுநேரம் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அத்தான் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

முதலில் நான் பயப்படவில்லை. சிறுநீர் கழிக்க ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து சாரின் தோளைத் தொட்டுப் பின்னால் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தினார். மூவரும் பாதையில் திரும்பி நடந்தோம். அத்தானைக் காணவில்லை. வழிகாட்டி, வண்டிக்குப் போயிருப்பாரோ என்று பார்க்கக் கீழே இறங்கினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அவர் கையில் கைபேசியும், வண்டியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன. பைக்குள் அந்தப் பன் முழுதாக இருந்தது.

சாருக்கு விவரம் தெரியும். அவர் முகம் மாறியது. "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார், கிசுகிசுப்பாக. அதிக நேரம் தாங்காது என்றேன், நானும் கிசுகிசுப்பாக. முதலில் வியர்க்கும், பிறகு புத்தி தடுமாறும், பிறகு விழுந்துவிடுவார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாதைக்கு இருபுறமும் பிரிந்து தேடினோம். கிளை முறியாமல் கால் வைத்து நடந்தோம். சார் ஒரு மேட்டில் ஏறி நின்று, தொலைநோக்கியை உயர்த்தி, மூங்கில் தண்டுகளுக்கிடையே இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார். நானும் அப்படியே பார்த்தேன். தொலைநோக்கிக்குள் பச்சைத் தண்டுகளும் சருகும் ஒளித் துண்டுகளும் தெரிந்தன. சார் கையை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னார். நின்றேன். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். மறுபடி நடந்தோம். அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று என் மனம் வசனம் தேடத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஒரு மனிதரைத் தேடும்போது அவரைக் கூப்பிடலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. காட்டுக்குள் வாயை மூடு என்பது உடம்பில் அவ்வளவு ஊறியிருந்தது. வழிகாட்டி எங்களைப் பார்த்துத் தானும் அமைதியாகத் தேடினார். வெளிநாட்டார் இப்படித்தான் தேடுவார்கள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

மூங்கில் குருத்துத் தோண்ட வந்த ஒரு பெண் பாதையில் எதிர்ப்பட்டாள். முதுகில் கூடை, கையில் சிறு மண்வெட்டி. வழிகாட்டி அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்தாள். வாயருகே கையைக் குவித்து, வயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். சொல் அல்ல, நீண்ட ஒற்றை ஓசை. மேலே இருந்து புறாக்கள் கலைந்து பறந்தன. நான் திடுக்கிட்டு அவளைத் தடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

எங்கள் காலடியிலிருந்து பதில் வந்தது. பாதையோரத்துப் புதருக்குக் கீழே, ஒரு வீட்டு முற்றத்தின் தூரம்கூட இல்லை.

"சத்தம் போடாதேங்கோ பிள்ளை. இப்பதான் உள்ளுக்கை போனது. திரும்பி வரும்."

புதரை விலக்கினால் ஒரு வறண்ட ஓடை. அதற்குள் அத்தான், ஒரு காலை நீட்டி, முதுகை மண்ணில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. தொலைநோக்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வழிகாட்டியின் பையில் போத்தலில் அடைத்த இனிப்புத் தேநீர் இருந்தது. அதைப் பாதி குடிக்க வைத்தேன். பன்னைப் பிய்த்துக் கொடுத்தேன். இந்த முறை வாய்க்குள் போவதைப் பார்த்தேன், விழுங்குவதையும் பார்த்தேன். சார் சருகிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தானின் உதட்டில் நிறம் வந்தது. நடுக்கம் குறைந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது, ஆனால் விரல்களை அசைக்க முடிந்தது. பிறகு அவர் கதைக்கத் தொடங்கினார்.

ஒதுங்கப் போன இடத்தில் சருகு வழுக்கி ஓடைக்குள் விழுந்திருக்கிறார். கால் பிரண்டிருக்கிறது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்த நேரத்தில், எதிரே சருகுக்குள்ளிருந்து சேவல் வெளியே வந்திருக்கிறது. வெள்ளை முதுகு, கரிய வயிறு, சிவந்த முகம், பின்னால் இழுபடும் நீண்ட வால். கூடவே இரண்டு பேடுகள். அது போகட்டும், பிறகு கூப்பிடுவோம் என்று இருந்திருக்கிறார். அது போகவில்லை. போய்ப் போய் வந்திருக்கிறது. அதற்குள் நாங்கள் மேலே நடப்பது இலைகளுக்கிடையில் தெரிந்திருக்கிறது. சார் மேட்டில் நின்று தொலைநோக்கியால் தன் தலைக்கு மேலே பார்ப்பதையும், கையை உயர்த்தி என்னை நிறுத்துவதையும் கண்டிருக்கிறார்.

"நீங்களும் அதைத்தான் பாக்கிறியள் எண்டு நினைச்சன். நான் அசைஞ்சா உங்களுக்குக் குழம்பிப் போமெல்லோ. தலை சுத்தத்தான் செய்தது. எண்டாலும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வால் முழுசா தெரிஞ்சுதா?" என்று கேட்டார். கேட்டபிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

குருத்துத் தோண்டும் பெண் எங்கள் மூவரையும் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். திட்டுகிறாள் என்பது மொழி தெரியாமலே புரிந்தது. வழிகாட்டி தயங்கி, பிறகு கைபேசியை நீட்டினார். உங்களுக்கும் இவருக்கும் சண்டையா, அதனால்தான் கூப்பிடாமல் இருந்தீர்களா என்று அவள் கேட்டிருந்தாள். இல்லை என்று மூவரும் ஒன்றாகத் தலையாட்டினோம். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அத்தானின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைப் படிகள் வரைக்கும் இறக்கிவிட்டாள். வழியெல்லாம் அவர் அவளோடு தமிழில் கதைத்துக்கொண்டே வந்தார். அவள் தன் மொழியில் பதில் சொன்னாள். பட்டணத்து மருத்துவமனையில் எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள்.

மறுநாள் காலை அவரால் மலை ஏற முடியாது. அதனால் சிரிப்பான்கள் கூடு கட்டும் கிராமத்துக்குப் போனோம். ஆற்றங்கரையில் பெரிய கற்பூர மரங்கள் நின்றன. அடியில் பெண்கள் துணி துவைத்தார்கள், ஒருவர் மோட்டார் சைக்கிளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே நீலச் சாம்பல் உச்சியும் மஞ்சள் தொண்டையுமாகச் சிரிப்பான்கள், குஞ்சுகளுக்குப் புழு கொண்டுபோய்க்கொண்டிருந்தன. தேநீர்க்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தந்தார். அத்தான் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் வைத்துக்கொண்டார். அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே முந்திய நாள் இரவு. அவள் சமையலறை மேசையில் இருந்தாள்.

நடந்ததை நானே சொன்னேன், பன் உட்பட. அவரைக் காட்டு என்றாள். கைபேசியைத் திருப்பினேன். அவள் அவருடைய முகத்தை, பிறகு காலை, பிறகு மறுபடி முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"சத்தம் போடாமல் இருந்தவரோ? இவரோ?"

"ஓம். இரண்டு பேடும் நிண்டதப்பா" என்று அத்தான் தொடங்கினார். குரல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். துணி துவைத்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரத்தடியில் நின்ற சாரின் கை பழக்கத்தில் உதட்டுக்குப் போனது. மேலே பார்த்தார். ஒரு சிரிப்பான் கிளையில் இறங்கி, குஞ்சின் வாயில் புழுவைத் திணித்துவிட்டு, அவசரமில்லாமல் அடுத்ததைத் தேடிப் போனது. சார் கையை இறக்கினார். ஒரு நாற்காலியை அத்தான் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாலைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

அத்தான் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அக்கா அங்கே இருந்து, சாப்பிட்டாச்சோ என்று கேட்டாள். அவர் கவனிக்கவில்லை. சாப்பிட்டாச்சு, நான் நிண்டு பாத்தனான் என்று நான் சொன்னேன்.