என் பின்னால் நின்று சொன்னவன்

எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். கொள்ளி வைத்தவன்தான் கருமாதியன்று காவிரியில் இறங்கி, ஐயர் சொல்லச் சொல்ல மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இறந்தவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும்.

அப்பாவுக்கு நான் சொன்னேன். நாலு பேர் பார்த்தால் எனக்குக் குரல் எழும்பாது. ஜேடர்பாளையத்துப் படித்துறையில் பங்காளிகள் எல்லாரும் நிற்க, என் உதடு மட்டும்தான் அசைந்தது. வீட்டுக்கு வருவதற்குள் அது அம்மாவின் காதுக்குப் போய்விட்டது.

“ஏன்டா, உங்கப்பனுக்குக் காது மந்தம்னு உனக்குத் தெரியாதா? நீ மொனகுனது அந்த மனுசனுக்கு எங்க கேட்டிருக்கும்?” என்றாள். தம்பி சிரித்துவிட்டான். “நல்ல வேளை, எனக்குச் சின்னவன் இருக்கறான். ஊரே கேக்கச் சொல்லுவான்” என்றாள் அம்மா.

அதை அவள் வேடிக்கையோடு விடவில்லை. காய்ச்சலில் படுக்கும்போதெல்லாம் சொன்னாள். தம்பி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குக் கிளம்பியபோது பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்து, “எங்க இருந்தாலும் வந்துரோணும் சாமி” என்றாள்.

“நான் வராம உன்னய எடுத்துருவாங்களா?” என்றான் அவன்.

எடுத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் அம்மா போனாள். திருச்செங்கோட்டில் ரிக் முதலாளியின் ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஏதோ காட்டில் நிற்கிறது, தந்தி கொடுக்கிறோம் என்றார்கள். நாமக்கல்லிலிருந்து உமி போட்டு மூடிய ஐஸ் கட்டி கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தோம். மத்தியானத்துக்குள் அது தண்ணீராக ஓடி வாசலை நனைத்தது. மறுநாள் காலையில் துக்கத்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

“இன்னும் எத்தன நேரம்டா ஆத்தாளை இப்படிப் போட்டு வெச்சிருப்பே?” என்றார் பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பா. “அவன் வர மாட்டான். நீ வையி.”

வைத்தேன்.

தம்பி வந்தபோது பால் தெளித்து எலும்பும் பொறுக்கியாகிவிட்டது. அவன் கால்சட்டையில் பாறைத்தூள் வெள்ளையாக அப்பியிருந்தது. அழவில்லை. நேராகப் பெரியப்பாவிடம் போனான்.

“கொள்ளிதான் போச்சு. ஆத்துல நான் சொல்றனுங்க பெரிப்பா.”

“கொள்ளி ஒருத்தன், சொல்றது ஒருத்தனா? ஆகாது.”

“எங்காத்தா கேட்டதுங்க அது.”

“கேட்டவ போயாச்சு. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

ஐயரும் அதையே சொன்னார்.

கருமாதியன்று மொட்டைத் தலையோடு முழங்கால் தண்ணீரில் நின்றேன். தம்பியும் மொட்டையடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் படியில் நின்றான். ஐயர் ஆரம்பித்தார். என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. “சத்தமா” என்றார். மறுபடியும் காற்று. அப்போது பின்னாலிருந்து தம்பி சொன்னான். ரிக் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல். ஐயர் நிறுத்தாததால் அவனும் நிறுத்தவில்லை. அம்மாவின் பெயர் வந்தபோது, சற்றுத் தள்ளித் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவன் வாயை மூடுங்கடா!” என்று பெரியப்பா கத்தினார். பங்காளிகள் இரண்டு பேர் தம்பியின் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போனார்கள். அவன் திமிறவில்லை. “நீ சொல்லுண்ணா, கொஞ்சம் சத்தமாச் சொல்லு” என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனான்.

வேறு ஆள் சொன்னது சேராது என்று ஐயர் முதலிலிருந்து தொடங்கினார். எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் குனிந்து, என் முகத்தருகே வந்து கேட்டார்.

“அம்மா பேரைச் சொல்லியாச்சா?”

தலையாட்டினேன்.

மேலே வந்தபோது தம்பி பஸ் ஏறிப் போயிருந்தான். கொள்ளி வைத்தவன் என்பதால் வருசத் திதியும் என் மேல்தான் விழுந்தது. அதற்கும் அவன் வரவில்லை.