நாற்பதாம் நாளுக்கு இருநூறு லிட்டர் தெல்லா

என் தங்கை யெஷாரேக் போடும் தெல்லாவில் கெஷோ இலையின் கசப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் நிற்கும். பார்லி பீர் எல்லா வீட்டிலும்தான் போடுகிறோம். எங்கள் ஊர் தெம்பெச்சாவில் அந்தக் கை வேறு யாருக்கும் இல்லை. நான் மூத்தவள், எனக்கும் இல்லை.

பதினாறு வயதில் அவளைத் தெமெக்கெவுக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாள். மூன்றாவதாகப் பிறந்த பெண் பிழைத்தாள். சென்ற ஆண்டு மழைக்கு முன் கிணற்றை ஆழமாக்கும்போது மண் சரிந்து தெமெக்கெ செத்துப்போனான்.

துக்கம் கேட்க வந்த இடத்திலேயே அவன் தம்பி அடுக்னா பேச்சை எடுத்தான்.

"நாற்பதாம் நாள் விருந்தை என் வாசல்ல வச்சுக்கிறேன் அண்ணி. உங்ககிட்ட இருக்கிறது மூணு பானை. வரப்போறது ஊரு."

"என் புருஷனுக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

"செய்ங்க. குறைஞ்சுதுன்னா அண்ணன் நிலத்தை நான்தான் உழுவேன்."

அங்கிருந்த பெரியவர்கள் மூவரும் தலையாட்டினார்கள். குறைவில்லாமல் நடத்தினால் உழுகிற ஆளை அவளே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நிலம் அவன் கைக்கு.

இருநூறு லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டோம். மூன்று பானையும் சேர்த்துத் தொண்ணூறுதான் பிடிக்கும். தானியக் கடையில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். இருந்தது ஒரே ரொட்டிக்கல். தெல்லாவில் பிய்த்துப் போடும் கருகல் ரொட்டியை இரண்டு நாள் மாற்றி மாற்றிச் சுட்டோம். கெஷோவை நானே அளந்து வைத்தேன், ஒரு கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தெல்லா ஊற்றும் பானையை இலையால் தேய்த்துக் கழுவி, புகையும் காட்டு ஒலிவக் கட்டைமேல் கவிழ்ப்பது வழக்கம். பானைகள் முடிந்ததும் யெஷாரேக் பீப்பாயை உருட்டி வந்தாள்.

"அக்கா, இதையும் கவுக்கணும்."

"பிளாஸ்டிக்டி அது."

"அவருக்குப் புகை காட்டாத தெல்லாவா? அடுக்னா பொண்டாட்டி முதல் வாய்லயே ஊரைக் கூட்டிருவா."

அடியில் கல் வைத்து உயர்த்தினால் சூடு எட்டாது என்று நினைத்தேன். நானும் ஒரு பக்கம் பிடித்துத்தான் கவிழ்த்தோம். எடுத்தபோது உட்புறம் லேசாக வழவழத்தது. கழுவினால் போய்விடும் என்றேன். கழுவி, பானைகளோடு அதிலும் ஊற்றி மூடினோம்.

விருந்துக்கு முதல் நாள் திறந்தோம். பானைகளில் இருந்தது நன்றாகவே வந்திருந்தது. பீப்பாயில் எரிந்த செருப்பு வாடை. ஒரு வாய் குடித்தேன், தொண்டையில் ஒட்டியது.

"நல்லதோட கலந்துரலாம்டி," என்றேன். "மூணு குவளை உள்ள போனப்புறம் எவனுக்கு நாக்கு இருக்கு?"

"அவரு பேரைச் சொல்லிக் குடிப்பாங்க அக்கா. பிள்ளைங்களும் குடிக்கும்."

பீப்பாயை அவளே சாய்த்தாள். நூறு லிட்டருக்கு மேல் வாய்க்காலில் போவதைக் கடைசிவரை நின்று பார்த்தாள்.

மறுநாள் பாதிரிகளுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் முதலில் ஊற்றினோம். ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு குவளை வந்தது. பாதிப் பந்திக்கு மேல் அதுவும் இல்லை. வெறும் குவளையைக் கையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். அடுக்னா எழுந்து நின்றான்.

"நம்ம வாசல்ல பெட்டி பெட்டியா பாட்டில் பீர் இருக்கு. யாரும் தொண்டை காஞ்சு போகாதீங்க!"

பெரியவர்கள்தான் முதலில் எழுந்தார்கள்.

"இந்த ருசி வேற எவளுக்கு வரும் யெஷாரேக்?" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் பெண்களும் அதே பக்கம் போனார்கள்.

அடுத்த வாரம் முதல் மழைக்கு அடுக்னாவின் எருதுகள் அந்த நிலத்தில் இறங்கின. யெஷாரேக் மகளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணி, மாடு மிரளுது," என்றான்.

அவள் தள்ளி நின்றாள்.