எத்திராஜ் அறுத்தெடுத்த இரும்பு

காலடிப்பேட்டைப் பக்கம் எந்தக் காருக்கு மூக்கு நசுங்கினாலும் அது நேரே எத்திராஜ் ஷெட்டுக்குத்தான் வந்து சேரும். துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டிங்கர் வேலைக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. அதிலும் எத்திராஜ் கைக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. அவர் தட்டி நிமிர்த்திய கதவில் ஒடுக்கு எங்கே விழுந்திருந்தது என்று வண்டிக்காரனாலேயே காட்ட முடியாது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் வேலைக்காரர். வாயும் கைக்குச் சமமாக வேலை செய்யும், அது வேறு விஷயம்.

ஒரு காரின் தரத்தை அவர் விரல் முட்டியால் அளப்பார். முன் மட்கார்டில் இரண்டு தட்டு. கனமாகச் சத்தம் வந்தால் அது கார். லேசாகச் சத்தம் வந்தால் தகர டப்பா. அவ்வளவுதான் தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் கிடையாது. அவர் கணக்கில் ஊரிலேயே உருப்படியான கார், வண்ணாரப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ரஷீது பாயின் பச்சைக் கார். அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. மூன்று ஆட்டோக்களும் ஒரு தண்ணீர் லாரியும் அதன் மேல் வெவ்வேறு காலத்தில் மோதிப் பார்த்திருக்கின்றன. நஷ்டம் எல்லாம் அவற்றுக்குத்தான். பாய்க்கும் எத்திராஜுக்கும் இருபது வருஷத்துத் தோஸ்து. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது பாய் ஷெட்டில் வண்டியை நிறுத்துவார். எத்திராஜ் அதைத் தட்டிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு தெருவெல்லாம் சின்னச் சின்னப் புது கார்களாக இறங்கத் தொடங்கின. எத்திராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சைக்கிள் இடித்தாலே ஒடுக்கு விழுகிறது, பம்பர் என்று பிளாஸ்டிக்கை மாட்டி அனுப்பியிருக்கிறான், இதில் குடும்பத்தோடு ஏறி கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் போகிறவனுக்கு எவ்வளவு தைரியம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதோடு நின்றாரா? ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். துறைமுகத்தில் கழித்துப் போட்ட, 'ப' மாதிரி மடிந்த கனத்த இரும்புச் சேனல்கள் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். அதில் இரண்டு துண்டு வெட்டி, பம்பருக்குப் பின்னாலிருந்து டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கிற தகடு வரை, பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே வைத்து வெல்டிங் அடித்துவிடுவார். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வண்டி கல்லு மாதிரி நிற்கும்.

ஜனங்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆட்டோ இடித்தது, ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால் மறுநாள் இரண்டு பேர் வருவார்கள். நாலு வருஷத்தில் பத்தொன்பது வண்டிகளுக்கு எத்திராஜ் சேனல் ஏறிவிட்டது. அதில் ஒன்று அவருடைய தங்கை மங்கம்மாவின் குடும்ப வண்டி. மங்கம்மாவின் கணவர் பாஸ்கர் நெட்டுக்குப்பத்துக்காரர், முன்பு விசைப்படகில் போனவர். இப்போது அந்தச் சின்னக் காரில் விடியற்காலை மங்கம்மாவைக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கூட்டிப்போவார், பிறகு அனல் மின் நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவார். மங்கம்மாவுக்கு எப்போதும் முன் சீட்டுதான்.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டில் ஒரு நாள் காலை, எண்ணூர் போகிற சாலை வளைவில் சக்கரம் உடைந்து குறுக்கே நின்ற டிரெய்லர் மீது ரஷீது பாயின் பச்சைக் கார் மோதியது. அடுத்த நிமிஷமே அதே டிரெய்லரில், அதே வேகத்தில், நாலு பேரோடு ஒரு சின்னப் புது கார் வந்து மோதியது. இது எத்திராஜ் கை படாத வண்டி. மதியத்துக்குள் இரண்டையும் இழுத்து வந்து அவர் ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் விட்டார்கள்.

பச்சைக் காருக்குப் பம்பர் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு ஹெட்லைட் எரிந்துகொண்டுகூட இருந்தது. சின்னக் காருக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் பச்சைக் காரில் வந்தவருக்குக் கீறல்கூட விழுந்திருக்காது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ரஷீது பாய் அந்த இடத்திலேயே போய்விட்டார். சின்னக் காரை ஓட்டியவரோ மறுநாள் தானே நடந்து வந்து, பின் சீட்டில் விட்டுப்போன டிபன் கேரியரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கூட வந்த மூன்று பேரும் வீட்டில் இருக்கிறார்கள், தோளில் பெல்ட் அழுத்தின வலிதான் என்றார். எத்திராஜால் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பாயை அடக்கம் செய்துவிட்டு வந்தபிறகு அவர் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டார். அழுது தீர்த்தார். பிறகு எழுந்து அளக்கிற டேப்பை எடுத்தார், ஏனென்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். சின்னக் காரின் மூக்கு இரண்டரை அடி உள்ளே போயிருந்தது. ஆனால் டேஷ்போர்டிலிருந்து சீட்டு வரை அளந்தால் கம்பெனியிலிருந்து வந்த அளவு அப்படியே இருந்தது, நாலு கதவும் கையால் இழுக்கத் திறந்தன. பச்சைக் காரின் மூக்கு ஒரு ஜாண்கூடக் குறையவில்லை. உள்ளே ஸ்டியரிங் தண்டு மட்டும் ஈட்டி போல நேராகப் பின்னால் வந்திருந்தது. சீட்டில் பெல்ட் என்பதே கிடையாது.

எத்திராஜ் இரண்டு வண்டியையும் இன்னொரு தடவை அளந்து பார்த்தார். இடி எங்கேயோ போய்த்தானே ஆகவேண்டும். ஒரு வண்டியில் அதைத் தகடு வாங்கிக்கொண்டது. இன்னொரு வண்டியில் தகடு வாங்கவில்லை, பாய் வாங்கிக்கொண்டார். நசுங்கட்டும் என்றே அந்த மூக்கைச் செய்திருக்கிறான், அதைத்தான் நான் நாலு வருஷமாகத் தகர டப்பா என்று சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தபோது அவர் டேப்பைக் கீழே போட்டார். அடுத்த நினைப்பு அதைவிட மோசம். பத்தொன்பது வண்டிகள். பத்தொன்பதிலும் இடியைத் தன் கையாலேயே நேராக உள்ளே அனுப்பி வைத்திருக்கிறார்.

வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். எத்திராஜுக்கு அது வராது. சேனல் வைக்கும்போது எவ்வளவு தெம்பாகச் சொன்னாரோ அதே தெம்போடு அதை அறுக்கக் கிளம்பினார். ஒவ்வொரு வீடாகப் போனார். கொழுப்பா என்று கேட்டவர்கள் உண்டு. பாய் போனதில் மூளை கலங்கிவிட்டது என்று டீக்கடையில் பேசினார்கள். மணலியில் ஒருவர் வண்டியைத் தரமாட்டேன் என்று கதவை அடைத்தார். எத்திராஜ் அவர் வீட்டு வாசலிலேயே இரும்பு அறுக்கிற கேஸ் கட்டரை இறக்கி வைத்துவிட்டு, வேலை முடியாமல் எழுந்து போகப் போவதில்லை என்று உட்கார்ந்தார். ஆறு வாரத்தில் பதினெட்டு வண்டி முடிந்தது.

பத்தொன்பதாவதுதான் பாஸ்கருடையது. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. மங்கம்மா கல்யாணத்திலிருந்தே மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் யார் சொல்வது சரி என்கிற போட்டி. எத்திராஜ் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. பாஸ்கர் சாவியைத் தரமாட்டேன் என்றார். அந்தச் சேனலால்தான் இரண்டு தடவை தப்பித்தேன், எவ்வளவு பெருமை பேசிவிட்டு வைத்தாய், இப்போது உனக்கு என்ன வந்தது என்று சபையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டார். எத்திராஜ் அந்த நாலு பேருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னார்.

"மாப்ள, நான் வச்சது தப்பு. நீ படகுல இருக்கசொல்ல, படகுத்துறை செவுத்துல இடிக்கக்கூடாதுன்னு பக்கவாட்டுல இன்னா கட்டினே? டயரு கட்டினியா, தண்டவாளம் கட்டினியா?"

தப்பு என்கிற வார்த்தையை மச்சான் வாயால் கேட்க இத்தனை வருஷமாகக் காத்திருந்த பாஸ்கர், அது இவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கையில் வைத்தார். எத்திராஜ் அன்றைக்கே இரண்டு சேனலையும் அறுத்தெடுத்து, மூக்குப் பகுதிக்குப் புதுத் தகடு வாங்கிக் கம்பெனி அளவுக்கே பொருத்தினார். முன் சீட்டில் பெல்ட் போடாமல் மங்கம்மா உட்காரக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். புடவை கசங்குகிறது என்று அவள் தினமும் முனகுவாள், ஆனால் போட்டுக்கொள்வாள்.

அடுத்த வருஷம் தை மாசம், காலை எட்டு மணிக்கு ஷெட்டுக்கு ஒரு போன். எர்ணாவூர் பாலத்துக்குப் பக்கத்தில் பாஸ்கர் வண்டி லாரியில் போய் மோதிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு யாரோ வைத்துவிட்டார்கள். எத்திராஜ் பைக்கை உதைக்கிறார், அது கிளம்பவில்லை. அதை அப்படியே போட்டார். அடுத்து ஓட ஆரம்பித்தார். தெருமுனைக்குப் போவதற்குள் மீட்பு லாரி எதிரே வந்துவிட்டது. பின்னால் தொங்கிய காருக்கு முன்பக்கமே இல்லை. அறுத்தது சரிதான் என்று அவர் அறிவுக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் அறிவு எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

லாரியின் கதவு திறந்தது. மங்கம்மா இறங்கினாள். தலை கலைந்து, ஒரு கையில் வளையல் எல்லாம் உடைந்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே நெற்றியில் பிளாஸ்திரியோடு பாஸ்கர் இறங்கினார். மங்கம்மா அண்ணனைப் பார்த்ததும் சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்த இரும்ப எடுத்துட்டியேண்ணா. அது இருந்திருந்தா என் வண்டி இப்டி அப்பளமா நொறுங்கிக்கினு வந்திருக்குமா? பாரு, எதுனா மிச்சம் கீதா?"

எத்திராஜ் யாரிடமும் திட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். ஒரு வார்த்தை கேட்டால் பத்து வார்த்தை திருப்பிக் கொடுப்பவர். அன்றைக்குத் தெருவிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"திட்டும்மா," என்றார். "சாயங்காலம் வரைக்கும் நின்னு திட்டு. நான் எங்கியும் போவல."

அவளும் விடவில்லை. பாஸ்கர் கடையிலிருந்து டீ வாங்கி வந்து கையில் கொடுக்கிற வரைக்கும் மூச்சு வாங்காமல் திட்டித் தீர்த்தாள்.