கழற்றிக்கொண்டு போன கதவு

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத அடைமழையில், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் விசுவமடுக்காரன். எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் குளக்கட்டுத்தான். அதில் ஏறி நின்றாலே எனக்கு ஊரை ஆள்வது போல ஒரு எண்ணம் வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஐம்பத்தெட்டு வயதில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மலைநாடு பார்க்கப் புறப்பட்டதற்குப் புத்தகங்கள்தான் காரணம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய காலமெல்லாம் மேசை லாச்சிக்குள் பயண நூல்களை வைத்துக் களவாக வாசித்தவன் நான். தனியே பயணம் போகிறவனுக்கு ஞானம் கிடைக்கும் என்று அவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய சின்னக் காரை வாங்கினேன். ஞானம் மட்டும் பாக்கியாக இருந்தது.

மனைவியையும் கூப்பிட்டேன். "நான் நடந்த தூரம் காணும். நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள்.

அதற்கு மேல் என்ன கதைப்பது? யுத்தத்தின் கடைசி மாதங்களில் விசுவமடுவிலிருந்து கடற்கரை வரை இடம் மாறி இடம் மாறி இரண்டு பேருமாக நடந்தோம். அதற்கு முதலும் பல தடவை ஓடியிருக்கிறோம். பல்கலைக்கழகங்கள் வீட்டைவிட்டு ஓடுவதை ஒரு பாடமாக வைத்திருந்தால் எனக்குக் கலாநிதிப் பட்டமே தந்திருப்பார்கள்.

புறப்படும் காலை அவள் ஒரு உரப்பையை இழுத்துக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அதைப் பார்க்காமலே தெரியும். அகதி முகாமில் கூரைக்குத் தந்த நீலத் தறப்பாள், கயிறு, அலுமினியப் பானை, கொஞ்சம் அரிசி பருப்பு உப்பு, பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, கத்தி, ஒரு குறட்டோடு திருகாணி கழற்றும் திருப்புளி. இந்தப் பை எங்கள் வீட்டில் எப்போதும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுவாள், தறப்பாளை வெயிலில் போட்டு எடுப்பாள். அறை பதிவு செய்து போகிற மனிசனுக்கு இது எதற்கென்று கேட்டேன். "மழைக்காலம். அது பாட்டில கிடக்கட்டும்" என்றாள். ஹோட்டலில் காவலாளி பார்த்தால் என்ன நினைப்பான் என்று பயந்து, டிக்கியில் என் சூட்கேசுக்குக் கீழே அதை ஒளித்து வைத்தேன்.

எங்கள் பக்கத்தால் நேரே போகும் ஏ-ஒன்பது வீதியில் நாலாவது கியரைப் போட்டுவிட்டால் பிறகு அதை மறந்துவிடலாம். கம்பளை தாண்டிய பிறகுதான் ஒரு காரில் எத்தனை கியர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வளைவுக்கு வளைவு நீர்வீழ்ச்சி என்று சொல்வார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை, வீதியின் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோன் அடித்த விதத்தில் என் பரம்பரையையே விசாரித்தார்கள்.

பின்னேரம் போல மழை வலுத்தது. முன்னால் வீதியில் மண் சரிந்துவிட்டதென்று வாகனங்கள் நின்றன. தோட்டத்துப் பாதையால் சுற்றிப் போகலாம் என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். நான் நம்பினேன். அந்தப் பாதை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் முன்னால் போய், சேற்றுக்குள் முடிந்தது. காரும் அங்கேயே குந்திவிட்டது.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தா. ஐம்பது வயது இருக்கும். "இது தேயிலைக்குள்ள போற பாதை ஐயா. கொழுந்து பறிக்கவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தா. அன்றிரவு எனக்கு ரொட்டியும் சம்பலும் தந்து, முன் விறாந்தையை மறைத்துக் கட்டிய சின்ன அறையில் படுக்கை விரித்துத் தந்ததும் அவதான். உள்ளறையில் அவவின் கணவர் கட்டிலில் கிடந்தார். உரமூட்டையோடு வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. உடம்பு அசையாத குறைக்கு வாய் இரண்டு மடங்கு வேலை செய்தது. நான் கிளிநொச்சிப் பக்கம் என்று கேட்டதும், "அங்கேருந்து இம்புட்டுத் தூரம் மழையில நனையவா வந்தீங்க? அங்க மழை பெய்யாதா?" என்றார். ஞானம் தேடி வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த லயத்தின் மற்ற வீடுகள், காம்பரா என்பார்கள், எல்லாம் பூட்டிக் கிடந்தன. பின்பக்கத்து மண்மேட்டில் வெடிப்பு விட்டிருப்பதாகவும், எல்லோரும் மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் அன்று காலையே அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவர்கள் மட்டும் போகவில்லை. மாவுக்கட்டோடு இருக்கும் மனிதரைப் பள்ளிக்கூடத்துத் தரையில் எப்படிப் படுக்க வைப்பது, கக்கூசுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது அவவின் கவலை. "விடிஞ்சா மழை விட்டிரும். பாப்போம்" என்றா.

விடிந்தது. மழை விடவில்லை. எழும்பி முன்கதவைத் திறக்கப் போனேன். இரவு சுகமாகச் சாத்திய கதவு, இப்போது சீமெந்து நிலத்தில் உரசிக்கொண்டு அசைய மறுத்தது. தோளால் தள்ளித்தான் திறந்தேன். அவவிடம் சொன்னேன். அவவும் வந்து தள்ளிப் பார்த்தா. அவவின் கண் ஒரு கணம் பின்பக்கத்து மண்மேட்டுப் பக்கம் போய் வந்தது. பிறகு, "மழைக்குப் பலகை ஊதியிருக்கும். மத்தியானம் வரைக்கும் பாப்போம்" என்றா.

மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மண்மேட்டைப் போய்ப் பார்த்தேன், எனக்கு அது மண்மேடு போலத்தான் இருந்தது. ஆனால் 'பார்ப்போம்' என்ற அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். ஷெல் சத்தம் பக்கத்தில் வந்த ஒவ்வொரு தடவையும் அதை நான் சொல்லியிருக்கிறேன், என் அயலட்டை எல்லாம் சொல்லியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், மாடு கன்று போடட்டும், நெல்லை அள்ளிவிட்டுப் போவோம் என்று சொன்னவர்களில் சிலரைப் பிறகு நான் காணவே இல்லை.

அதை அவவுக்கு விளக்கப் பார்த்தேன். நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் அந்த நேரத்தில் கைவிட்டுவிட்டன. வானொலிச் செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் கதைத்தேன். அவ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

"அண்ணே, எங்க சித்தப்பா குடும்பம் கலவரத்துக்குப் பயந்து இங்கேருந்து உங்க வன்னிக்குத்தான் போனாங்க. அங்க போய் எத்தனை வாட்டி ஓடுனாங்க? நாங்க ஓடாம இருந்தோம். இன்னிக்கு வரைக்கும் இருக்கோம்."

எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி மலையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் ஓடியது எங்களைவிட ஒரு ஓட்டம் கூட. அவ சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை.

வாதத்தில் தோற்றவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காருக்குப் போனேன். டிக்கியைத் திறந்து உரப்பையைத் தூக்கிவந்து நடுவீட்டில் கொட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு, வன்னியில் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது செய்கிற வேலையை என் கை தானாகச் செய்யத் தொடங்கியது. திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கதவை நிலையோடு மாட்டியிருந்த பிணைச்சலைக் கழற்றினேன்.

கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "யோவ், கதவ என்ன பண்றீங்க?"

"கழட்டுறன்."

"கழட்டி?"

"கொண்டு போகத்தான்."

எங்கள் ஊரில் இது வழமை. கூரைத் தகடு, கதவு, யன்னல், நிலை எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவோம். போகிற இடத்தில் வீடு கட்ட வேண்டுமே. ஆட்கள் ஓடுகிறபோது வீட்டையும் கூட்டிக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் முறை. வேறு ஊர்களில் அப்படி இல்லை என்ற விஷயம் அந்தக் கணம் வரை என் மூளைக்கு எட்டவே இல்லை.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "இந்தா, ஒரு ராத்திரி படுக்க எடம் குடுத்தா கதவையே தூக்குறாரு. இன்னொரு ராத்திரி இருந்தா என்னையும் தூக்கிருவாரு" என்றார்.

அவ சிரித்தா. நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தா. அந்தச் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியதென்று எனக்குச் சொல்லத் தெரியாது. கதவில்லாத வாசலால் மழைத்தூறல் உள்ளே அடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வாசலைப் பார்த்தா. "சரி, மொதல்ல என்ன எடுக்கணும், சொல்லுங்க" என்றா.

அது எனக்குத் தெரிந்த பாடம். அடையாள அட்டைகள் இடுப்பில். பிறகு மருந்து, பானை, உப்பு, போர்வை. படம் பார்க்கிற பெட்டியை விட்டுவிடுங்கோ, அம்மியைத் தொடவே தொடாதேங்கோ. அவ எடுத்துத் தர நான் கட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து பக்கத்துக் காம்பராக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். மனிதரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி மூன்று பேருமாகத் தூக்கினோம். வழி நெடுக, சாமி புறப்பாடு போல இருக்கிறது, குடை பிடிக்கத்தான் ஆள் இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டே வந்தார். மழைக்குள் திரும்பவும் இறங்கி வந்து கதவை முதுகில் சுமந்து ஏற்றியவன் நான். கழற்றிய பிறகு விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மதிலோரமாகத் தறப்பாளைக் கட்டினேன். எந்தப் பக்கம் தாழ்த்தினால் தண்ணீர் வழியும், கயிற்றை எங்கே இழுத்துக் கட்டினால் காற்றுக்கு அடிக்காது என்பதெல்லாம் கைக்கு நினைவிருந்தது. காற்றுப் பக்கம் கதவைச் சாத்தி வைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் நனையாமல் படுத்தார்கள்.

மறுநாள் காலை பளிச்சென்று வெயில் எறித்தது. கீழே லயம் அப்படியே இருந்தது. என்னுடைய கார் கூட இருந்தது.

பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அங்கிருந்த எல்லோருக்கும் அன்று நான்தான் பொழுதுபோக்கு. கதவுக்கார ஐயா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கதிரையில் இருந்தவர், கிளிநொச்சி அண்ணன் கால் உடைந்தவனையே ஓட வைத்துவிட்டார் என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னார். அவ போர்வையை மடிக்கத் தொடங்கிவிட்டா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானே சொன்னேன், வாருங்கோ, இறங்குவோம், கதவைத் திரும்பப் பூட்டித் தந்துவிட்டுப் போகிறேன் என்று. பானையையும் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் இரக்கப்படவுமில்லை, மெச்சவுமில்லை.

"தறப்பாளை ஈரத்தோட மடிச்சுப்போடாதேங்கோ. பூஞ்சணம் பிடிச்சா அது பிறகு ஒண்டுக்கும் உதவாது. காய விட்டிட்டு மடியுங்கோ."

கணக்கெழுதியவனுக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான். தறப்பாளை அவிழ்த்து, மதிலின் மேல் வெயிலில் விரித்தேன். இது காயட்டும், பிறகு போவோம் என்றேன். அவவுக்கு உள்ளூர எரிச்சல் என்பது முகத்தில் தெரிந்தது. மரியாதைக்காகக் கதவின் மேல் உட்கார்ந்தா. கணவர், "தறப்பாளுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை" என்றார்.

தறப்பாளின் ஒரு பக்கம் காய்ந்து, அதை மற்றப் பக்கம் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். டிப்பரிலிருந்து கிரவல் மண் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. நான் அப்படித்தான் நினைத்தேன், யாரோ கிரவல் பறிக்கிறார்கள் என்று. திரும்பிப் பார்த்தபோது தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே கீழே நடந்து போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம்தான். பிறகு சத்தம் இல்லை. லயத்தின் பாதிக்கு மேல் இல்லை. அவவின் காம்பரா இருந்த இடத்தில் ஈரச் செம்மண் மட்டும் இருந்தது. நேரத்தோடு இறங்கிப் போயிருந்த சிலர், பாதி வழியில் நின்றபடியால் தப்பி, சேறும் சகதியுமாக மேலே ஓடி வந்தார்கள். கோழிகளும் ஆடுகளும் போய்விட்டன. மனித உயிர் போகவில்லை.

அவ எழும்பி நின்று கீழே பார்த்தா. பிறகு திரும்பி, தான் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்த கதவைப் பார்த்தா. கையை நீட்டி அதன் தாழ்ப்பாளை ஒருமுறை தள்ளி, திரும்ப இழுத்துவிட்டா.

"இதுக்கு ஒரு வீடு கட்டணும்ணே" என்றா.

வீதி திறக்கும் வரை அங்கேயே நின்றேன். மண் வராத கோடியில் தப்பி நின்ற காரைச் சேற்றில் இருந்து தள்ளிவிட்டவர்களும் அங்கிருந்தவர்கள்தான். தறப்பாளையும் பையையும் அந்தக் கணவன் மனைவியிடம் விட்டுவிட்டு வந்தேன். நுவரெலியாவை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர்கள் நெடுநாள் தற்காலிகக் கொட்டிலில் இருந்தார்கள். போன வருடம் ஒரு சின்ன வீடு கிடைத்ததாக அவ தொலைபேசியில் சொன்னா. அந்தக் கதவு புது வாசலுக்கு அளவில்லையாம், சமைக்கிற குசினிக்குப் போட்டிருக்கிறார்களாம். இப்பவும் நிலத்தில் உரசுகிறதாம்.

வீட்டுக்கு வந்த அன்று மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அலுமாரிக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, "முழுக்கக் காய்ஞ்சதோ?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அடுத்த கிழமையே புதிய பை ஒன்று வந்துவிட்டது. இம்முறை பொருட்களை அடுக்கியவன் நான், திருப்புளியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அவ்வளவு காலம் நாங்கள் ஓடிய ஓட்டமெல்லாம் யாருக்கு என்ன பிரயோசனம் என்று மனம் கசந்து கேட்கிற நாட்களில், எங்கோ ஒரு மலையில் ஒரு குசினிக் கதவு நிலத்தில் உரசிக்கொண்டு திறக்கிற சத்தம் எனக்குள் கேட்கும். அதைவிட வேறு பதில் என்னிடம் இன்றுவரை இல்லை.