கூடுதலாக ஒரு மணி நேரம்

என் தங்கை மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொல்ல வெட்கப்படவில்லை. எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். கோளாறு மட்டும் ஒன்றுதான். வாயால் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்போம். புத்தகத்தைப் பிரித்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகும்.

நான் படித்தது தொண்ணூறுகளில். அப்போது இதற்கு ஒரே பெயர்தான், மக்கு. கரும்பலகையைப் பார்த்து எழுத நேரமானால் முட்டியில் பிரம்படி விழும். பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில் எனக்கு எல்லா விடையும் தெரியும். பாதி எழுதுவதற்குள் மணி அடித்து, தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபெயில். மறுபடி எழுதுகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தையல் கடையில் சேர்த்துவிட்டார்.

தங்கை பத்தாவது வந்தபோது இரண்டாயிரம் தாண்டிவிட்டது. புதிதாக வந்த டீச்சர் அவளை அடிக்காமல், பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு டாக்டரிடம் அனுப்பினார். இது மக்குத்தனம் இல்லை, கற்றலில் குறைபாடு, பரீட்சையில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டு வாங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை நாள் பிள்ளையைத் திட்டிவிட்டோமே என்று அப்பா அன்று அவளுக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. எனக்குப் பிரம்பு, இவளுக்கு டாக்டரும் பிரியாணியுமா?

தங்கை நிரப்பி, அப்பா கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை, கடைக்குப் போகிற வழியில் பள்ளியில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கொடுத்தாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதைத் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். அவளும் ஃபெயிலாகட்டும், வந்து என் பக்கத்து மெஷினில் உட்காரட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லை. அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று எடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க முக்கால் மணி நேரமானது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தச் சிரமம் உண்டா என்று ஒரு கேள்வி. கீழே, கொம்பும் காலும் பாதி விட்டுப்போன கோணல் எழுத்தில் தங்கையின் பதில்:

"அக்காவுக்கு இருக்கு. என்னைவிட நல்லாப் படிக்கும். யாரும் கேக்கல."

பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

அறிவியல் பரீட்சைக்கு நான்தான் துணைக்குப் போனேன். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள், அவள் மட்டும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறாமை எங்கே போனது, அப்படியேதான் இருந்தது. உள்ளே போய் அவளை எழுப்பிவிட்டு அந்தப் பெஞ்சில் நான் உட்கார வேண்டும் போலிருந்தது. நான் எழுதாமல் விட்ட பாதி விடை அன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது.

ஒரு வழியாக வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரமும் வெயில்லயா நின்ன?"

"ஒரு மணி நேரந்தானடி," என்றேன்.